பட்டுக்கூடு இறக்கிய மறுநாள்: தங்கைக்கு மனநல ஆலோசகர் தேடிப் போன பயணம்

இந்த வலைப்பூவில் வழக்கமாக மலை, அருவி, பழைய கோயில் என்றுதான் எழுதுவேன். இந்த முறை போன இடம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. பார்க்க அழகான இடமெல்லாம் இல்லை, செல்ஃபிக்கு வழியில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்துக்கு முன்னால் இணையத்தில் தேடுதேடென்று தேடினேன், உருப்படியாக ஒரு வரி கிடைக்கவில்லை. கிராமத்தில் இருக்கும் உங்கள் வீட்டு ஆளுக்கு ஆலோசகர் தேடிக்கொண்டிருந்தால் இது உதவும்.

என் தங்கையைக் கவி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது, ஆனா என் பேரையும் ஊர்ப் பேரையும் போட்டே, அப்புறம் உனக்கு நான் தங்கச்சியே இல்ல" என்றாள். கனகபுரா சாலையில் போனால் வரும் ஒரு சிறு கிராமம், அதற்கு மேல் கேட்காதீர்கள். அங்கே பட்டுப்புழு வளர்க்கும் தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பக்கத்து ஊரில் ஒரு கன்னடப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர்.

ஜூலையில் ஒருநாள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, பிள்ளைகள் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். ரத்தம் பார்த்தார்கள், நார்மல். மறுபடி ஒரு ஈ.சி.ஜி., அதுவும் நார்மல். ஆள்தான் நார்மலாக இல்லை. பள்ளி வாசல் வரை போவாள், கை நடுங்கும், திரும்பி வந்துவிடுவாள். ஏப்ரலில் அம்மா தவறியதை அவளால் தாங்க முடியவில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். தலைமை ஆசிரியை நல்லவர். தசரா விடுமுறை முடியும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுத்தான் ஆக வேண்டும். கவிக்கு அந்த வேலைதான் உயிர். அது போனால் அவள் வீட்டை விட்டே வெளியே வர மாட்டாள் என்று எனக்குப் பயம்.

நான் இருப்பது பெங்களூரு ஜோகுபாளையத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில். கேட்காமலேயே பொறுப்பைத் தலையில் போட்டுக்கொள்ளும் ரகம். தமிழ் பேசும் ஆலோசகர்தான் வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினேன். மனசு விட்டுப் பேசுவது என்றால் தாய்மொழியில்தானே? அல்சூரில் ஒருவர் கிடைத்தார். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், கவி ஒவ்வொரு முறையும் போக வர நூற்றைம்பது கிலோமீட்டர் அலைய வேண்டும். அது சரிப்படாது.

சரி, வீடியோவில் பேசலாம் என்று சென்னையில் ஒருவரைப் பிடித்தேன். கவி வீட்டில் சிக்னல் கிடைப்பது முன்வாசலில் மட்டும்தான். அங்கேதான் அவள் மாமியார் உட்கார்ந்து மல்பெரித் தழை ஆய்வார். முதல் நாளே ஆலோசகர், "வீட்டுல யார்கூட உங்களுக்குச் சங்கடம்?" என்று கேட்டிருக்கிறார், ஸ்பீக்கரில். மாமியார் தழையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "யார்கூடவும் இல்ல மேடம், எல்லாரும் தங்கம்" என்று சொல்லி இவள் போனை வைத்துவிட்டாள். அதோடு அதுவும் முடிந்தது.

கடைசியில் வழி சொன்னது தலைமை ஆசிரியைதான். அவருடைய நாத்தனார் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வாரத்தில் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, மனநல டாக்டரும் ஆலோசகரும் வருகிறார்களாம். நான் ஆயிரம் இடத்தில் விசாரித்தேனே தவிர, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு ஆஸ்பத்திரியை ஒருமுறைகூட நினைக்கவில்லை. பெங்களூருக்காரி புத்தி!

எந்தச் செவ்வாய் என்பது அடுத்த கேள்வி. புழு வளர்க்கும் வீட்டில் நம் இஷ்டத்துக்குக் கிளம்ப முடியாது. கூடு கட்டப்போகும் வாரத்தில் புழு இரவு பகலாகத் தின்னும், வீட்டில் ஒரு கையும் சும்மா இருக்காது. கூடு இறக்கிவிட்டால் அடுத்த தொகுதி வரும்வரை கொஞ்சம் மூச்சு விடலாம். செப்டம்பர் நடுவில் ஒரு திங்கள்கிழமை கூடு இறக்கினார்கள். அன்று சாயங்காலமே நான் கிளம்பினேன்.

அல்சூர் மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைப் பாதைக்கு மாறி, கடைசி நிறுத்தமான சில்க் இன்ஸ்டிட்யூட்டில் இறங்கினேன். மெஜஸ்டிக்கில் மாறும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். வெளியே வந்தால் சாலையிலேயே கனகபுரா பஸ் கிடைக்கும். அங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆனது. கர்நாடக முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். ஆறு மணிக்கு மேல் போனால் நின்றுகொண்டேதான் போக வேண்டும், ஹாரோஹள்ளி தாண்டினால்தான் இடம் கிடைக்கும். கனகபுராவிலிருந்து கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

ராத்திரி சாப்பாட்டின்போது மாமியார் ஆரம்பித்தார். "நாளைக்குச் செவ்வாக்கெழமயாச்சே. புதுசா ஒண்ணு தொடங்கலாமா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் தள்ளிப்போட்டால் தசரா வந்துவிடும். அவரே கொஞ்சம் யோசித்து, "ஆஸ்பத்திரிக்குத்தானே? அது என்ன நல்ல காரியமா, நாள் பாக்க? போய்ட்டு வாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினார். மனுஷி தங்கம்தான்.

மறுநாள் காலை கவியின் கணவர் முருகேசு கூட்டை மூட்டை கட்டி ராமநகரா மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். "அக்கா, அவ பாதி வழில திரும்பலாம்னு சொல்லுவா. விடாதீங்க" என்று என் காதில் போட்டுவிட்டுப் போனார். சொன்னபடியே, ஆட்டோவில் ஏறி இரண்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, "அக்கா, தலை வலிக்குது, திரும்பிடலாமா?" என்றாள் கவி. நான் பதில் யோசிப்பதற்குள் ஆட்டோ ஓட்டிய சாதிக் பாய் முந்திக்கொண்டார்.

"தலவலின்னா ஆஸ்பத்திரிக்குத்தானே போவணும், வூட்டுக்கா போவாங்க? கம்முனு குந்தும்மா, பத்து நிமிசம்."

கவி சிரித்துவிட்டாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சீட்டுக்குப் பத்து ரூபாய். எந்த டிபார்ட்மெண்ட் என்று கவுண்டரில் கேட்டபோது கவி என்னைப் பார்த்தாள், நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பின்னால் நிற்பவர் காதில் விழுந்துவிடுமே என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம். கவுண்டர் அம்மா நிமிரக்கூட இல்லை, "செவ்வாய் டாக்டரா? பதினொண்ணாம் நம்பர்" என்று கன்னடத்தில் சொல்லிச் சீட்டை நீட்டினார். பதினொன்றாம் அறைக்கு ஒரு பக்கம் பல் டாக்டர், இன்னொரு பக்கம் கண் டாக்டர், மூன்றுக்கும் ஒரே பெஞ்சு. யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் கவியிடம் எந்தப் பல் என்று விசாரித்தார். "கடவாய்ப் பல்" என்று இவளும் கூசாமல் சொன்னாள்.

முதலில் டாக்டர் பார்த்தார். பத்து நிமிடம். பயப்பட ஒன்றுமில்லை, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆலோசகரிடம் பேசுங்கள் என்று உள்ளறைக்கு அனுப்பினார். ஆலோசகர் ஹாசன் மாவட்டத்துப் பெண், முப்பது வயது இருக்கும். தமிழ் தெரியாது. நான்தான் தயாராக வந்திருக்கிறேனே! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தங்கை தமிழில் சொல்வாள், நான் கன்னடத்தில் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, நீ ஹொரகடெ கூத்கோ. நானே மாதாட்தீனி" என்றாள் கவி. நீ வெளியே உட்கார், நானே பேசிக்கொள்கிறேன் என்று, கன்னடத்தில், என்னிடம்!

எங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்தால்தான் நான் ஏன் உடனே எழுந்து வெளியே வந்துவிட்டேன் என்பது புரியும். அப்பா மாநில அரசு வேலையில் இருந்தவர். ஆபீசில் அவர் பேசும் கன்னடத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான், ஒரு கன்னட வார்த்தை விழுந்தாலும் முறைப்பார். அக்கா தங்கை நாங்கள் இருவரும் வாழ்நாளில் ஒருவரோடொருவர் கன்னடம் பேசியதே இல்லை. நாள் முழுக்கக் கன்னடத்தில் பாடம் எடுக்கிறவளுக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன் என்பது வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ஐம்பது நிமிடம். கதவு திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, ஒளிப்பானேன். இரண்டு மாதம் அலைந்தவள் நான், கதை கேட்பது யாரோ ஒரு ஹாசன் பெண்ணா? எதிர்க்கடையில் தட்டு இட்லி சாப்பிட்டேன், நாற்பது ரூபாய், சட்னி பிரமாதம். கோபம் போய்விட்டது.

கவி வெளியே வந்தபோது அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். திரும்பும்போது பஸ் கிடைத்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தவள், ஊர் நெருங்கும்போது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா ஹோதாக நங்கெ நிராள ஆய்த்து, அக்கா."

அம்மா போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்கிறாள். ஜோகுபாளையத்து மாடிப்படி ஏற முடியாமல் அம்மா கடைசி எட்டு மாதம் இருந்தது கவி வீட்டில்தான். புழு, பள்ளிக்கூடம், அம்மா. வலியில் அம்மா திட்டாத திட்டு இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, போன பிறகு அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டதற்காக, தன்னைப்போல் பாவி உண்டா என்று ஐந்து மாதமாக உள்ளுக்குள் வெந்திருக்கிறாள்.

"இத ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"தமிழ்ல சொன்னா அம்மாவுக்குக் கேட்டுடும்போல இருக்குக்கா. வாயே வரல. அங்க கன்னடத்துல தானா வந்துடுச்சு."

வார இறுதியில் மட்டும் வந்து போன எனக்கே அந்த மூச்சு வந்தது, நான் மட்டும் யாரிடம் சொன்னேன்? "நங்கூ" என்றேன். எனக்கும்தான். கவி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்தோம்.

இனி நீங்கள் போவதானால். முதலில் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள், ஊருக்கு ஊர் மாறும். டாக்டர் வேறு, ஆலோசகர் வேறு, இருவரும் வருகிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒன்பதுக்குள் போய்விட்டால் மதியத்துக்குள் வீடு திரும்பலாம். ஆதாரும் பழைய ஈ.சி.ஜி. காகிதங்களும் கையில் இருக்கட்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை போக வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து வீட்டு வேலையைத் திட்டமிடுங்கள். கவிக்கு நான்கு செவ்வாய் ஆனது, நடுவில் ஒன்று புழுவால் தவறியது. செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் கிழமை பார்க்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியும் இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம், எண்ணைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

எந்த மொழியில் பேசப் பிடிக்கும் என்று போகிறவரையே கேளுங்கள். கூடப் போகிறவர் கதவு வரைக்கும் போனால் போதும். நல்ல எண்ணத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், என்னைப் போல.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. பதினொரு மணிக்குக் கவிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, கட் செய்துவிட்டாள். மறுபடி போட்டேன், மறுபடி கட். பள்ளி வாசலில் கை நடுங்கி நிற்கிறாளோ, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாளோ? முருகேசுவைக் கூப்பிடலாம் என்று எண்ணைத் தேடும்போது அவளிடமிருந்தே ஒரு செய்தி வந்தது.

"கிளாஸ்ல இருக்கேன். சும்மா சும்மா போன் பண்ணாத."