நசீருதீன் பாயின் குரல் எதுவரை கேட்டது

"என் குரல் எதுவரைக்கும் கேட்டுச்சு தம்பி?"

ஆனிப் பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் நின்றுகொண்டு நசீருதீன் பாய் என்னிடம் இப்படிக் கேட்டார்.

பாய் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். டவுனில் சூட்கேஸ், பை ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஜிப் மாட்டுவதும் கைப்பிடி தைப்பதுமாகவே காலம் போய்விட்டது. மனைவி இறந்து, மகள் நூரைன் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன பிறகு கடையை மூடிவிட்டார்.

நான் பிளஸ் டூ முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் கிடந்தபோதுதான் அவர் குரலைக் கவனித்தேன். தினமும் காலையில் மாடியிலிருந்து, "செய்திகள். வாசிப்பது நசீருதீன்" என்று கேட்கும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருநாள் மேலே போனேன். பாய் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு காலி நாற்காலி.

"ரேடியோல நியூஸ் படிக்கணும்னு ஆசை," என்றார் கூச்சத்தோடு. "சின்ன வயசுல குரல் தேர்வுக்குக் கூட கூப்ட்டாங்க. கடைய யாரு பாக்கறதுன்னு அத்தா கேட்டாரு. போகல."

எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுபவர் பிரசாத் அண்ணன். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் கொட்டகை போட்டு, கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவார். அந்த ஆனியில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் பாயைப் பற்றிச் சொன்னேன்.

"பேரு, ஊரு, எங்க வரணும். அவ்ளோதான் பாய். வானிலை எல்லாம் படிச்சிடாதீங்க," என்றார் அண்ணன், கரகரத்த குரலில்.

பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். சாயங்காலம் கூட்டம் ஏறியதும், சின்னசாமி என்ற விவசாயி மனைவியைக் காணோம் என்று வந்து நின்றார். பாய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"செஞ்சியிலிருந்து வந்திருக்கும் சந்திரம்மாள் அவர்கள், எங்கிருந்தாலும் தண்ணீர்ப் பந்தலுக்கு அருகிலுள்ள அறிவிப்புக் கொட்டகைக்கு வரவும். உங்கள் கணவர் காத்திருக்கிறார்."

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் வந்துவிட்டார்.

"ஏன்யா, டீ வாங்கிட்டுத் திரும்பறதுக்குள்ள எங்க பூட்ட?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டார்.

பாய் எழுந்து நின்றார். "என் குரல் கேட்டு வந்தீங்களாம்மா?"

"இல்லீங்க. செருப்ப இங்கதான வுட்டுட்டுப் போனோம். எப்படியும் இங்கதான வந்தாவணும்."

அதற்குப் பிறகும் பலரைக் கூப்பிட்டார். வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவர் செல்போனில் வழி கேட்டு வந்திருந்தார். ஒருவரைப் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டிருந்தார். பக்கத்து அன்னதானப் பந்தலில் பாட்டுச் சத்தம் ரொம்ப ஜாஸ்தி. பாய் கூப்பிட்டது காதில் விழுந்தது என்று யாருமே சொல்லவில்லை.

முடிக்கும்போது, யாரும் கேட்காத ஒன்றை அவராகவே மைக்கில் சொன்னார். "நடந்து செல்பவர்களே, அவசரமில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லுங்கள். அறிவித்தது நசீருதீன்."

மைக்கை அணைத்த பிறகுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு பாய்," என்றேன்.

"அத கேக்கலப்பா," என்றார்.

அடுத்த பௌர்ணமிக்குள் பிரசாத் அண்ணனின் தொண்டை சரியாகிவிட்டது. பாயை யாரும் கூப்பிடவில்லை. மாடிக்குச் செய்தித்தாள் இன்னும் வருகிறது. ஆனால் இப்போது மனசுக்குள்ளேயே படித்துக்கொள்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் கொட்டகைக்குள்ளேயே இருந்தவன். குரல் எதுவரை போனது என்பது பாதையில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்ன அந்தக் குரலை யாராவது ஒருவர் கேட்டிருந்தால், எந்த இடத்தில் என்று வேங்கிக்கால் பிரசாத் மைக் செட் கடையில் வந்து சொன்னால் போதும். நான் மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். அதனால், ஆனிப் பௌர்ணமிக்கு மலை சுற்றியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களோடு நடந்தவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.