சந்தனம் வைத்த அச்சு

வீச்சு வலைக்கான ஈயக் குண்டுகளை என் கணவர் வீட்டிலேயே வார்ப்பார். கும்பகோணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, குண்டு பிசிறில்லாமல் விழுகிற பித்தளை அச்சாகப் பார்த்து வாங்கினோம்.

ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டியோடு அதையும் கழுவி, குழிக்குக் குழி சந்தனம் வைத்தேன். மறுநாள் அவர் அதை எடுத்து, காய்ச்சிய ஈயத்தை அதில் ஊற்றினார். குழிக்குள் சந்தனத்தின் ஈரம் காயவில்லை. ஈயம் படாரென்று வெடித்து அவர் முகத்தில் தெறித்தது. வலது கண் போய்விட்டது.

“உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாத்து ஊத்தியிருக்கணும்” என்றார் ஆஸ்பத்திரியில்.

அடுத்த ஆயுத பூஜையன்று அச்சைப் பரணில் ஒளித்து வைத்தேன். அவரே தேடி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

“இதுக்கும் பொட்டு வை. வெளிப்பக்கமா வை.”

வைத்தேன். பிறகு கொல்லைக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சந்தன வாசனை போகவே இல்லை.