யாரும் சாகாத வேலைநிறுத்தம்

மேஜர் ஏறினால் லிஃப்டே விறைப்பாக நிற்கும் என்று சொல்லிச் சிரிப்போம். பிரசவம் முடிந்த தாய்மார்களைப் படுக்கவைக்கிற வார்டின் தலைமை நர்ஸ் அவர். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, குரல்தான் காரணம். மூன்றாம் மாடியில் நின்று "யாரு அது செருப்போட?" என்று கேட்டால் கீழ்த்தளத்தில் நிற்கிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். பெரிய டாக்டர்கூட அந்த வார்டுக்குள் போகுமுன் இரண்டாம் முறை கை கழுவுவார். அது சுத்தத்துக்கா பயத்துக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட்காரன். லிஃப்டில் ஏறுகிறவர்கள் லிஃப்ட்காரனையும் ஒரு பொத்தானாகத்தான் நினைப்பார்கள். அதனால் குடும்பச் சண்டையிலிருந்து மேலதிகாரி மேல் உள்ள கோபம் வரைக்கும் எல்லாவற்றையும் என் முன்னாலேயே கொட்டுவார்கள். மேஜரின் கதை எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அவருக்கு ஒரு தங்கை. அம்மா இறந்தபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா கொஞ்ச நாள் அழுதார், அப்புறம் வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்காதான் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, நர்ஸ் படிப்பு படிக்கவைத்து, தன் வார்டிலேயே தற்காலிக நர்ஸாகச் சேர்த்துவிட்டார். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் "முதல்ல எங்க சின்னதுக்கு வேலை நிரந்தரமாகட்டும்" என்று திருப்பி அனுப்பினார். சின்னதுக்கு வேலை நிரந்தரமாவதற்குள் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வீட்டில் வைத்த 'சின்னது' என்ற பெயரே ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.

வார்டில் அக்கா என்று கூப்பிடக் கூடாது, சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மேஜர் சட்டம் போட்டிருந்தார். சின்னது வார்டில் அதை மீறியதே இல்லை. லிஃப்டில் ஏறினதும் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

"வேலை நேரத்துல ஒட்டாதடி."

"இது வார்டு இல்லையே, லிஃப்டுதானே? அண்ணா, நீங்களே சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பேனா? மேஜர் முறைத்தார் என்றால் எனக்கு மாடி எண்ணே மறந்துபோகும்.

நர்ஸுகளுக்குச் சம்பளம் ஏறி வருஷக்கணக்கு ஆகியிருந்தது. விலைவாசிக்கு மட்டும் மேலே போக லிஃப்ட் தேவைப்படவில்லை. நல்ல கைராசிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். மனு கொடுத்தார்கள், கறுப்புப் பட்டை கட்டினார்கள், செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. கடைசியில் வேலைநிறுத்தம் என்று சங்கத்தில் முடிவானது. சங்கத் தலைவி மேஜர்தான். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு உயிர் போகக் கூடாது. போச்சுன்னா நாம கேக்கற காசு நமக்கு ஒட்டாது."

தற்காலிக நர்ஸுகள் வேலைநிறுத்தத்தில் சேர முடியாது, சேர்ந்தால் சீட்டு கிழியும். அதனால் ஒவ்வொரு வார்டிலும் ஒரு நேரத்துக்கு ஒரு தற்காலிக நர்ஸ் உள்ளே இருப்பது என்று ஏற்பாடு. மேஜரின் வார்டில் பகல் நேரத்துக்குச் சின்னது தனியாக நின்றாள்.

முதல் நாள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். வெயில் ஏறினதும் மேஜர் "தலை வலிக்குது" என்று எழுந்தார். தலைவலிக்காரர் மாத்திரைக்குப் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றி, சலவைக்காரர்கள் துணி மூட்டை கொண்டுவருகிற பின்வாசல் வழியாக வந்து என் லிஃப்டில் ஏறினார்.

"மூணாவது மாடி. என்னய்யா பாக்கறே? ஓட்டு."

அவர் இறங்கின கையோடு இன்னொருத்தி வந்தாள், பந்தலில் பாத்ரூம் என்று சொல்லிவிட்டு வந்தவள். அவள் பின்னாலேயே மற்றொருத்தி, பிள்ளைக்குப் போன் பேசவேண்டுமாம். வேலைநிறுத்தம் நடந்த நாளெல்லாம் இதே கூத்துதான். பாதிப் பந்தல் வாசலில் கோஷம் போட்டது, மீதிப் பாதி மேலே ஊசி போட்டது. அவசரத்தில் ஒருத்தி கொண்டையில் செருகிய தெர்மாமீட்டரோடு திரும்பிப் போய் "போராடுவோம், போராடுவோம்" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் யாரும் உத்தரவு போடவில்லை. தான் பார்த்துவந்த நோயாளியை விட்டுவிட்டுச் சும்மா உட்கார அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வருகைப் பதிவில் எல்லோரும் 'வரவில்லை'. அந்த நாட்களின் சம்பளமும் பிடிக்கப்பட்டது.

யாரும் சாகவில்லை. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. மேஜரும் மைக்கைப் பிடித்து, "நாங்க வெளிய நின்ன இத்தனை நாள்ல ஒரு உயிர்கூடப் போகல. அதான் நர்ஸு!" என்று முழங்கினார். கைதட்டலில் பந்தல் ஆடியது. நானும் தட்டினேன்.

அரசாங்கம் இறங்கிவந்தது. நிதித்துறையிலிருந்து பேச வந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கால்குலேட்டர். குரலை உயர்த்தாத, நெற்றி சுருங்காத மனிதர். சம்பளத்தை உயர்த்திக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, அதற்கென்று தனியாகப் பணம் வராது, ஆஸ்பத்திரியே தன் செலவில் மிச்சம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாராம். மேஜர் அங்கே பேசியதை அன்று மாலை லிஃப்டில் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"எதுல சார் மிச்சம் பிடிக்கறது? பஞ்சுலயா, மருந்துலயா? சம்பளங்கறது வருஷா வருஷம் வர்ற செலவு. வருஷா வருஷம் வர்ற வரியில இருந்துதானே அதைக் குடுக்கணும்? நிறைய வெச்சிருக்கறவங்ககிட்ட கொஞ்சம் கூடுதலா வாங்குங்க. வாசல்ல கண்ணாடி மண்டபம் கட்டறீங்களே, அதை அப்புறமா கட்டுங்க."

"வரியை ஏத்தினா ஜனங்க கோவிச்சுக்குவாங்க, சிஸ்டர்."

"ஜனங்களைக் கேட்டீங்களா? எங்க வார்டுக்கு வாங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

பக்கத்திலிருந்த சங்கத்துக்காரர்கள் அவர் முழங்கையைக் கிள்ளினார்களாம். பணம் எங்கிருந்து வரும் என்பது அரசாங்கத்தின் பாடு, கேட்டது கிடைத்துவிட்டது, கையெழுத்தைப் போடுங்கள் என்று. போட்டார்.

அடுத்த மாதமே கால்குலேட்டர் வந்தார். கையில் வேலைநிறுத்த நாட்களின் வருகைப் பதிவு. "உங்க வார்டை ஒரு நேரத்துக்கு ஒருத்தர் நடத்தியிருக்காங்க. ஒரு குறையும் இல்ல. நீங்களே மைக்ல சொன்னீங்களே" என்றார். இனிமேல் எல்லா நாளும் அதே கணக்குதான். ஓய்வு பெறுகிறவர்களின் இடம் காலியாகவே இருக்கும். வார்டுக்கு ஒரு தற்காலிக நர்ஸ் மட்டும் இருப்பார், ஒரு வருஷம் குறை இல்லாமல் ஓடினால் அவர் நிரந்தரம். மற்ற தற்காலிக நர்ஸுகள் வீட்டுக்கு. அப்படி மிச்சமான பணம்தான் சம்பள உயர்வாக வந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை நமக்குத் தெரியும். நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற கையை வெட்டி நர்ஸுக்குச் சம்பளமாகக் கொடுத்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன் என்று மேஜர் குதித்தார். சங்கத்துச் செயலாளர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். உள்ளே போய் வேலை பார்த்தோம் என்று சொன்னால் வேலைநிறுத்தமே நாடகம் என்பார்கள், கிடைத்ததையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார். மேஜர் அதற்குக்கூட அடங்கியிருக்க மாட்டார். ஆனால் வார்டில் நிறுத்திவைத்த அந்த ஒரு தற்காலிக நர்ஸ், சின்னது. இத்தனை வருஷம் காத்திருந்தது கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

"ஒரு வருஷம்தானே?" என்று லிஃப்டில் என்னைக் கேட்டார். அவர் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டினேன்.

வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்று மேஜருக்குக் காலை வேலை, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மதியத்துக்குச் சின்னது தனியாக. பிரசவ அறையிலிருந்து ஒரு இளம் பெண்ணை மேலே கொண்டுபோனேன். முதல் பிள்ளை, பெண் குழந்தை. சோர்விலும் அவளுக்கு வாய் ஓயவில்லை. "மெதுவாப் போங்கண்ணா, தையல் பிரிஞ்சிடப் போகுது" என்று சிரித்தாள்.

வார்டின் ஒரு கோடியில் இன்னொரு தாய்க்கு வலிப்பு வந்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊசி போட்டு, அவள் கட்டிலிலிருந்து விழாமல் சின்னது பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு நகர முடியாது. மறுகோடியில் அந்த இளம் பெண் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தாள். புதிதாகப் பெற்றவளின் போர்வையை அடிக்கடி தூக்கி ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அது பெரிய வித்தை இல்லை, அதற்கு ஒரு ஆள் வேண்டும். கட்டிலுக்கு அடியில் சொட்டியதைக் கூட்டிப் பெருக்குகிறவர் பார்த்துக் கத்தின பிறகுதான் தெரிந்தது. வலிப்பு வந்தவளை அவரிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சின்னது ஓடினாள்.

நான்தான் அவர்களை அறுவை அறைக்கு இறக்கினேன். சின்னது தள்ளுவண்டி மேலேயே முழங்கால் போட்டு ஏறி, அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். "தூங்காத, என்னைப் பாரு, பாப்பாவுக்கு என்ன பேரு வெக்கப் போற, சொல்லு, சொல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதில் வரவில்லை. அந்தப் பெண்ணை மறுபடி நான் மேலே கொண்டுபோகவே இல்லை.

கவனக்குறைவு என்று சின்னது மேல் விசாரணை வைத்தார்கள். மேஜர் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. விசாரணை அறையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். பின்வாசல், சலவை மூட்டை, கொண்டையில் தெர்மாமீட்டர், எல்லாம்.

"ஒருத்தரால அந்த வார்டைப் பாக்க முடியாது சார். அன்னிக்கும் முடியல. நாங்க இருந்தோம், அதான் யாரும் சாகல."

கால்குலேட்டர் வருகைப் பதிவைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். "நீங்க யாருமே வரலன்னு இருக்கே, சிஸ்டர். சம்பளமும் பிடிச்சிருக்கோம். வராதவங்க எப்படி வேலை பாத்தீங்க?"

கூட வந்து நின்ற நர்ஸுகள் கொஞ்சம் பேர், தலையைக் குனிந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர். அவர்களையும் நான் திட்டமாட்டேன், எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நானும் போய், நான்தான் ஏற்றி இறக்கினேன் என்று சொன்னேன். அனுமதி இல்லாதவர்களை ஏன் ஏற்றினாய் என்று கேட்டு என்னை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். மேஜருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அவரை அனுப்பிவிட்டால் அந்த வார்டில் நிற்க ஆள் கிடையாது. சின்னதை வேலையை விட்டு எடுத்தார்கள். இனி எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் சேரக் கூடாது என்றும் உத்தரவு.

உத்தரவு வந்த அன்று இருவரும் வாசல் வரைக்கும் சேர்ந்து நடந்து வந்தார்கள். சின்னது கையில் ஒரு பை, அதில் அவளுடைய வெள்ளைக் காலணி. நான் எழுந்து நின்றேன்.

மேஜர் பேசினார். அந்தக் குரல் எங்கே போயிற்றோ, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"நாம அன்னிக்கு உள்ள போயிருக்கக் கூடாதுடி. ஒருத்தரைச் சாக விட்டிருக்கணும். ஒரே ஒருத்தர் செத்திருந்தா வார்டுக்கு ஆள் விட்டுவெச்சிருப்பாங்க. இந்தப் பொண்ணு பொழைச்சிருக்கும்."

"அக்கா!" சின்னது பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். "நீயா இதைச் சொல்ற? வேண்டாம்க்கா. சொல்லாத."

மேஜர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் யாரையும் அதட்டவில்லை.

"நானும் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போலாம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, கோட்டுப் பையில் போன் அடித்தது. வார்டிலிருந்து. ஒரு மணி நேரம் பார்த்துக்கொள் என்று விட்டுவந்த பயிற்சி மாணவி, யாருக்கோ மூச்சு வாங்குகிறது என்று அழுதாள். மேஜர் போனைக் காதில் வைத்தபடி தங்கையைப் பார்த்தார்.

"போக்கா" என்றாள் சின்னது. "அங்க யாரு இருக்கா?"

மேஜர் ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். தங்கையை பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விட அவருக்கு நேரம் இல்லை.

சின்னது அக்கா உள்ளே மறைகிற வரைக்கும் நின்றாள். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"அண்ணா, அந்தக் குழந்தை வந்துச்சா?"

வந்தது. போன வாரம் தடுப்பூசிக்கு அதன் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் அட்டையை என்னிடம் நீட்டினார்.

"வந்துச்சும்மா. நல்லா இருக்கு."

"பேரு வெச்சுட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இன்னும் இல்லம்மா. அட்டையில அவங்க அம்மா பேரைப் போட்டு, அவங்க குழந்தைன்னுதான் எழுதியிருக்கு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.