முருகனுக்கு முகம் கொடுத்த நான்

இன்று பெரியகுளத்தில், ஓவியர் வீட்டு வாசலில் என் கால்கள் நடுங்கின. (அந்தக் கால்களை மறந்துவிடாதீர்கள்!)

தப்பு என்னுடையதுதான்.

தேனிக்குப் படிக்க வந்து ஒரு வாரம். ஹாஸ்டலில் கிடைத்த புது நண்பர்கள் இருவர்: கூடலூர் மாயாண்டி, போடி சாமுவேல். பெரியகுளத்து ஓவியர் வரைந்த சாப்பாட்டுக்கூடத்து முருகன் படத்தைக் காட்டி, "இது என் மொகம்தான்டா. என்னையப் பாத்துத்தான் வரைஞ்சாக!" என்று அளந்துவிட்டேன்.

அன்று முதல் அவர்கள் வீட்டு முறுக்கெல்லாம் எனக்கே படையல்!

"அப்ப அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றான் மாயாண்டி.

யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது; கரியில் ஓடுகிற பஸ். பாதி வழி அது எங்களைச் சுமந்தது, மீதி வழி நாங்கள் அதைத் தள்ளினோம்.

வீட்டைச் சுற்றி மாந்தோட்டம். வேட்டியெல்லாம் வண்ணத்தோடு ஓவியர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் சாமுவேல் கேட்டுவிட்டான்:

"ஐயா, எங்க ஹாஸ்டல் முருகன் படத்த இவனப் பாத்துத்தான் வரைஞ்சீகளா?"

செத்தேன்!

ஓவியர் என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"இப்பவும் ஒரு முருகன்தான் வரையிறேன். அங்கன கல்லு மேல ஏறி நில்லுங்க தம்பி. அசையக் கூடாது."

பிழைத்தேன்! மாமரத்தடிக் கல்லில் ஏறி, கண்ணைப் பாதி மூடி, அருள் பொழிந்தேன்.

காலில் சிவப்பெறும்பு ஏறியது. பொழிந்தேன்.

கடித்தது. இன்னும் பலமாகப் பொழிந்தேன்!

அந்தப் பக்கம் நண்பர்கள் ஓவியர் கொடுத்த மாம்பழங்களின் சாற்றில் முழங்கை வரை நனைந்திருந்தார்கள்.

"ஏலே முருகா, பழம் வேணுமா?" என்றான் மாயாண்டி, கடைசிப் பழத்தைக் கடித்துக்கொண்டே.

(பழம் கிடைக்காமல் மலையேறியவரின் மனசு இன்றுதான் புரிந்தது!)

ஒருவழியாக "போதும் தம்பி" என்ற குரல் வந்தது. ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தேன்.

இரண்டு பாதங்கள். அவ்வளவுதான்!

"ஐயா... மொகம்?"

"மொகத்துக்கு வேற ஆளு இருக்காக. எறும்பு கடிச்சும் அசையாத காலு இப்பத்தான் கெடச்சுச்சு."

சாமுவேல் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முறுக்கு போச்சு, மானமும் போச்சு.

கிளம்பும்போது ஓவியர் சொன்னார்: "முடிஞ்சதும் படத்த ஒங்க ஹாஸ்டலுக்கே தாரேன்."

நண்பர்களே, எங்கள் வார்டன் தினமும் முருகன் படத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் பிரம்பைக் கையில் எடுப்பார்!

தயவுசெய்து யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடி வாங்கும் முன் ஒரு தடவையாவது அவர் என் காலைத் தொடட்டும்!