நான் வைத்த ஊறுகாய்

இது நடந்தது மொன்றியலில், இரண்டாயிரத்து ஐந்திலோ ஆறிலோ. வருடம்தான் சரியாக நினைவில்லை, மற்றதெல்லாம் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. என் கணவர் அப்போது துறைமுகத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு சீஸ் கடையில் நின்றேன். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் வீடு வாங்குவார்கள், இல்லாவிட்டால் லூர்துக்கு யாத்திரை போவார்கள். இவர் அத்திலாந்திக் கடலைத் தனியாகத் துடுப்பு வலித்துக் கடக்கப் போகிறேன் என்றார்.

எனக்கு அது திடீர்ச் செய்தி அல்ல. கூட வேலை செய்த ஒருவர் லஷீனில் உள்ள துடுப்புக் கழகத்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து பத்து வருடமாகக் கோடை முழுக்கத் தண்ணீரில்தான் கிடந்தார். பிறகு யாரோ கைவிட்ட ஒரு பழைய கடல் படகை வாங்கி, பண்டகசாலையின் பின்பக்கத்தில் வைத்து மூன்று வருடம் பழுது பார்த்தார். முன்னால் ஒரு சின்ன அறை, பின்னால் ஒரு சின்ன அறை, நடுவில் துடுப்பு வலிக்க ஓர் இருக்கை, அவ்வளவுதான். படுக்கும் அறையில் காலை நீட்டிப் படுத்தால் தலை இடிக்கும்.

"உங்களுக்கு விசரோ?" என்று நான் கேட்காத நாள் இல்லை. ஒரு நாள் பதில் சொன்னார்.

"படிப்பு ரெண்டாம் வருசத்திலை நிண்டுது. மன்னாரிலை கட்டின வீட்டுக்குக் கூரை போட முதல் ஓடி வந்தம். எல்லாம் பாதியிலை. ஒண்டை எண்டாலும் தொடக்கத்திலையிருந்து முடிவு மட்டும் நானே செய்யோணும். இடையிலை ஆரும் வந்து நிப்பாட்ட ஏலாத இடத்திலை."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. ஒரு நாளுக்கு ஒரு பை என்று நூற்றுப்பத்துப் பைகள். உலர்த்திய சோறு, பருப்பு, காய்ந்த மரக்கறி, கச்சான் கடலை, பால்மா, சாக்லேட். கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஒரு சின்ன யந்திரம் படகில் இருந்தது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பையிலுள்ளதை ஊறப்போட்டால் சாப்பாடு தயார். எங்கள் கடை முதலாளி, காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும் யந்திரத்தை ஞாயிறு பின்னேரங்களில் பாவிக்க விட்டார். பூசை முடிய நேரே சந்தைக்குப் போய்விடுவேன்.

இவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "ஈரச் சாமான் ஒண்டும் வைக்கக் கூடாது. எண்ணெய், நெய், ஊறுகாய் ஒண்டும் வேண்டாம். விளங்குதோ?" ஊறுகாய் என்று பெயர் சொல்லியே சொன்னார். என்னை அவருக்குத் தெரியும்.

எனக்கும் அவரைத் தெரியும் என்று நினைத்தேன். தேசிக்காய் ஊறுகாய் இல்லாமல் ஒரு நாளும் சோறு இறங்காத மனிதர் அவர். இருபது வருடமாக அவருடைய மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தவள் நான். நடுக்கடலில் தனியே இருந்து பஞ்சுபோலச் சப்பென்ற சோற்றைத் தின்னப் போகிறாரே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. சந்தையில் தேசிக்காய் வாங்கி நன்றாக எண்ணெய் விட்டு ஊறுகாய் போட்டேன். மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டி, ஒவ்வொரு பையிலும் சோற்றுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். அவர் திறக்கும்போது முகம் எப்படி மாறும் என்று நினைத்து, தனியே நின்று சிரித்தேன்கூட.

ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கனரித் தீவிலிருந்து புறப்பட்டார். கரீபியன் தீவு ஒன்றில் போய் முடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எங்கள் நேரம் காலை ஏழு மணிக்குச் செய்மதித் தொலைபேசியில் எடுப்பார். சூரிய வெளிச்சத்தில் ஏறும் பற்றரி என்பதால் மூன்று நிமிடம்தான் கதைக்கலாம். முதல் நாளே கேட்டார்.

"இஞ்சேரும், பைக்குள்ளை என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"ஏன், நல்லா இல்லையோ?"

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "கள்ளி" என்றார். "ஒரு துண்டை மூண்டு தரமாப் பிரிச்சுத் திண்டனான்." அன்று வேலையில் நான் வெட்டிய சீஸ் துண்டு ஒன்றுகூட நேராக இல்லை.

மூன்று நிமிடத்தில் அவருடைய நாளைச் சொல்லிவிடுவார். இரண்டு மணி நேரம் வலிப்பது, ஒரு மணி நேரம் தூங்குவது, திரும்பவும் வலிப்பது. உப்புத் துணி உரசி உடம்பெல்லாம் புண் என்பதால் உடுப்பே இல்லாமல்தான் வலித்தார். அதை நான் எங்கள் பங்குச் சுவாமியாரிடம் சொல்லவில்லை. காலையில் எழும்பும்போது விரல்கள் துடுப்பைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடக்குமாம், ஒவ்வொன்றாக இழுத்து நிமிர்த்த வேண்டுமாம். அலுப்பாக இல்லையா என்று கேட்டால், "இஞ்சை ஆரும் என்னை நிப்பாட்டேல்லை" என்பார்.

நாற்பத்தோராம் நாள் அவருடைய குரல் வேறாக இருந்தது.

"கீழ்ப்பெட்டியிலை இருந்த பையள் எல்லாம் பழுதாப் போச்சு" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. யந்திரம் காற்றை உறிஞ்சும்போது அந்தச் சின்னப் பொட்டலங்களையும் சேர்த்து நசுக்கியிருக்கிறது. மேலே இருந்த பைகள் தப்பிவிட்டன. அடியில் இருந்தவற்றின் மேல் மற்றப் பைகளின் பாரம், வெயில், ஓயாத ஆட்டம். புளியும் எண்ணெயும் கசிந்து சோற்றிலும் பால்மாவிலும் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மிச்சமிருந்த அறுபத்தொன்பது பைகளையும் பிரித்துப் பார்த்தாராம். பதினாறுதான் தேறின.

"என்னாலைதான்" என்றேன்.

"தண்ணியிலை கழுவிப் பாக்கிறன்" என்றார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

கழுவிச் சாப்பிட்டார். வயிற்றுப்போக்கு வந்தது. அதோடும் வலித்தார். அந்தப் பதினாறு பைகளை அரை அரையாக்கி நாட்களைக் கணக்குப் பார்த்தார், நான் இங்கே சமையலறை நாட்காட்டியில் அதே கணக்கைப் பார்த்தேன். எனக்கும் சோறு இறங்கவில்லை. என் பட்டினியால் அவருக்கு ஒரு வாய் கூடுமா? இருந்தும் சாப்பிட முடியவில்லை.

கடைசியாகக் காற்றும் எதிரே திரும்பியது. அப்படியான நேரத்தில் வலித்துப் பயனில்லை. தண்ணீருக்குள் குடை மாதிரி விரியும் ஒரு நங்கூரத்தை இறக்கிவிட்டு, அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். ஐந்து நாள் அப்படிக் கிடந்தார். ஒரு வாரம் வலித்த தூரத்தைக் கடல் பின்னுக்கு இழுத்துவிட்டது. மொன்றியலின் மேற்குப் பக்கம் புவாண்ட்-கிளேரிலிருந்து அவருக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் எனக்கு ஃபோன் செய்து, நல்ல சாப்பாடு இருந்தால் இந்தக் காற்றைப் பொறுத்திருக்கலாம் என்றார். பாவம், சாப்பாடு பழுதானது என்னால் என்று அவருக்குத் தெரியாது, என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு இவர் எடுத்தார். "கப்பலுக்குச் சொல்லும்" என்றார். நான் அழத் தொடங்க, "அழாதையும், பற்றரி போகுது" என்றார்.

நான் அந்த மாலுமிக்குச் சொல்ல, அவர் கரையோரக் காவலுக்கு அறிவித்தார். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பல் திரும்பி வந்து இவரை ஏற்றியது. ஆளை ஏற்றலாம், படகை ஏற்ற வழியில்லை. அதை அப்படியே கடலில் விட்டுவிட வேண்டும். ஏணியில் ஏறுவதற்கு முன் துடுப்புகளைப் படகோடு சேர்த்துக் கட்டி, கதவுகளை இறுக்கிப் பூட்டி, விளக்கை எரியவிட்டாராம். இதைக் கப்பலிலிருந்து யாரோ பிறகு எழுதித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

அந்தக் கப்பல் போக வேண்டிய துறைமுகம் எது தெரியுமா? மொன்றியல். பங்குனி மாதம், பனி இன்னும் உருகவில்லை. இவர் இருபது வருடமாக வேலை செய்த அதே துறைமுகத்தில், இவரை மாலை போட்டு அனுப்பிவைத்த அதே ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, யாரோ ஒரு கப்பல்காரனின் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரல்கள் இன்னமும் மடங்கியே இருந்தன. கூட வேலை செய்தவர்கள் வந்து முதுகில் தட்டி, என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டார்கள்.

"காற்று" என்று பிரெஞ்சில் சொன்னார். அந்த ஒரு சொல் மட்டும்.

நான் கிட்டப் போய், "இஞ்சாருங்கோ, என்னை ஏசுங்கோவன்" என்றேன். "குளிருது, வீட்டை போவம்" என்றார்.

கோயிலிலும் அதையேதான் சொன்னார். பூசை முடிந்து ஆட்கள் என் கையைப் பிடித்து, "காத்து சரிவரேல்லையாம், என்ன செய்யிறது பிள்ளை" என்று அனுதாபப்பட்டபோது நானும் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர் எனக்காகச் சொன்ன பொய்க்குள் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆடி மாதம் ஒரு நாள் பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு தீவிலிருந்து பொலிஸ்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். அங்கே கடற்கரையில் ஒரு படகு ஒதுங்கியிருக்கிறதாம், ஒரு மீனவர் கண்டெடுத்தாராம், படகின் பக்கத்தில் எங்கள் இலக்கம் எழுதியிருக்கிறதாம். தீவின் பெயரைக் கேட்டேன். இவர் போய் முடிக்க நினைத்திருந்த தீவுக்கு அடுத்த தீவு.

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"துடுப்பு இருந்ததாமோ?"

"ஓம். கட்டினபடியே இருக்காம்."

மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார். "அப்ப அது முடிச்சிட்டுது" என்றார். படகை என்ன செய்வது என்று கேட்டேன். "கண்டெடுத்தவர் வைச்சிருக்கட்டும்" என்றுவிட்டுக் கைகழுவப் போனார். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

அதற்குப் பிறகு அவர் துடுப்பைத் தொடவில்லை. லஷீன் பக்கம்கூடப் போவதில்லை. என்னோடு அன்பாகத்தான் இருக்கிறார். கோபப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. கப்பலால் வந்து திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், வழக்கம்போல அவருக்குச் சாப்பாடு கட்ட எழும்பினேன். அவர் எனக்கு முன்னரே எழும்பிச் சமையலறையில் நின்றார். "நீர் படுத்திரும், நான் கட்டுறன்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அவருடைய சாப்பாட்டை அவரேதான் கட்டிக்கொண்டு போகிறார். காரணம் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

ஒவ்வொரு காலையும் சாப்பாட்டுப் பெட்டியின் மூடி பூட்டுகிற சத்தம் கேட்கும்போது, வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகும் அவருக்குத் தெரியாமல் நான் வைத்ததற்கு அன்பு என்று பெயர் வைத்தேனே என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி படுத்திருக்கிறேன்.