கெண்டைமீனுக்குச் சடங்கு

1. சம்பளம் ஒரு தேத்தண்ணி

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் மாத இதழைக் கையால்தான் எழுதினோம். தமிழ் டைப்ரைட்டருக்கு எங்கே போவது? என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று ஆசிரியர் நடேசன் அண்ணை என்னைப் பிடித்துப் போட்டார். வருகிற கதை, கட்டுரைகளை நான் கறுப்பு மையால் துப்புரவாக எழுதிக் கொடுப்பேன். அவர் போட்டோகொப்பி அடித்து ஊரூராகத் தபாலில் அனுப்புவார். சம்பளம் ஒரு தேத்தண்ணி, அதுவும் சீனி குறைவு.

முதல் நாளே ஒரு தொடர்கதையை நீட்டினார். எழுதியவள் கலா, ஹம்பேர்க்கில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவுகிறவள். அங்கே சமையல்காரர் சொன்ன பழங்கதையிலிருந்து நாவல் பண்ணியிருந்தாள். அருவியைத் தாண்டிப் பாயும் கெண்டைமீன் டிராகனாக மாறுமாம். ஆனால் மெய்லின் என்ற கெண்டைப்பெண்ணைப் பாயக் கூடாது என்று அவள் குலம் தடுக்கிறது. எனக்கு அந்தக் குட்டியை உடனே பிடித்துவிட்டது.

2. வந்தது வில்லங்கம்

ஏழாம் அத்தியாயத்தில் மெய்லின் வயதுக்கு வந்தாள். அவ்வளவுதான், ரெலிபோன் ஓயவில்லை. எல்லாரையும் விடச் சத்தம் போட்டவர் கொலோன் நகர வாசகி பரமேஸ்வரி அக்கா.

"பெட்டை பெரியபிள்ளையாகிட்டாள். சடங்கு செய்யாமல் ஆத்தில திரிய விடுறதோ? இப்பிடி எழுதினால் எங்களுக்கு உங்கட புத்தகம் வேண்டாம்!"

அண்ணை பயந்துபோனார். "சடங்கை வைக்கச் சொல்லு. இல்லாட்டிக் கதையை நிப்பாட்டுவம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கலாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அக்கா, மீனுக்கு என்னெண்டு தண்ணி வாக்கிறது?" என்று கேட்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் குரல் இறங்கியது.

"நிப்பாட்ட விடாதேங்கோ அக்கா. கோப்பை கழுவுறன், அகதியளின்ர ஹைமுக்குப் போய்ப் படுக்கிறன். நகரத்தை விட்டு வெளிய போறதெண்டாலும் அனுமதி கேக்கவேணும். இந்தக் கதை ஒண்டுதான் எனக்கெண்டு இருக்கு."

"அப்ப செய்து காட்டடி சடங்கை, ஒருத்தரும் வாய் திறக்க ஏலாத மாதிரி" என்றேன்.

3. எட்டாம் அத்தியாயம்

செய்தாளே பாவி! மழை தண்ணீர் வார்த்தது. மாமன் நண்டு தேங்காய் உடைத்தார். தவளை மாமிமார் ஆலாத்தித் தட்டோடு வந்து, வந்த வேகத்திலேயே மாப்பிள்ளை பேசத் தொடங்கினார்கள். மெய்லின் கழுத்து நிறைய நகை.

தாய்மீன் வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு நகையாகக் கழற்றினாள். "பாரத்தோட பாய ஏலாது பிள்ளை. நீ போ. வந்த சனத்தை நான் சாப்பாடு குடுத்துச் சமாளிக்கிறன்" என்றாள். மெய்லின் எழும்பி அருவிப் பக்கம் ஓடினாள், அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

எழுதும்போது என் கண்ணீர் விழுந்து மை ஊறிவிட்டது. அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். அண்ணை வாசித்துவிட்டு, "முடிஞ்சுது. இனி எங்களை உரிக்கப் போகினம்" என்று தலையில் கைவைத்தார்.

இதழ் போய்ச் சேர்ந்ததும் பரமேஸ்வரி அக்காவின் அழைப்பு வந்தது. பயந்து பயந்துதான் எடுத்தேன்.

"எடி பிள்ளை, அவள் பாஞ்சவளோ இல்லையோ?"

"அடுத்த இதழில வரும் அக்கா."

"அதுமட்டும் பொறுக்க என்னால ஏலாது. இப்ப சொல்லு."

பக்கத்திலிருந்த அண்ணை ரிசீவரைப் பறித்தார். "அக்கா, சடங்கு முடியாமல் பெட்டை எழும்பி ஓடினது உங்களுக்குக் கோவமில்லையே?"

இத்தனை வருடம் பத்திரிகை வேலை பார்த்ததில் நான் படித்தது ஒன்றுதான்: சண்டைக்கு வருகிற வாசகரை விட்டுவிடாதீர்கள், அவர் கதைக்குள்ளேதான் நிற்கிறார். அன்று அக்கா போட்ட சத்தம் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"தாய்க்காரியே விட்டிட்டாள். இடையில நீர் ஆர் காணும்?"