எரியாத பலகையும் பொங்கிய பாலும்

கோடை வந்தால் எங்கள் தெருவில் ஒரு விசித்திரம் நடக்கும். கல்வீடும் கணகணப்பான அறையும் நல்ல மெத்தையும் உள்ள டெனிஷ்காரர்கள், தோட்டத்துப் புல்லில் துணிக்கூடாரம் அடித்து அதற்குள் போய்ப் படுப்பார்கள். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து, அருமையான நித்திரை என்பார்கள். டென்மார்க்கில் இந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரி புருசனோடு கோபித்துக்கொண்டுதான் வெளியே படுக்கிறாள் என்று நினைத்து, ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டுபோய் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அவள் ரோல்ஸைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டாள். ஆறுதல் எதற்கென்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்தக் கோடையில் இந்த விசித்திரம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஓகூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த என் மகள் நிரோஷா, சிநேகிதிகளோடு ஸ்பெயினின் தெற்கே உள்ள பாலைநிலத்தில் ஒரு கிழமை தங்கப் போகிறாளாம். பகலில் வெயில் கொளுத்துமாம், இரவில் குளிருமாம், துணிக்கூடாரம் சரிவராதாம். ஆகவே வீட்டுச் சுவருக்குள் வைக்கிற குளிர்காப்புப் பலகைகளை வெட்டி, நாடாவால் ஒட்டி, மடித்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு கொட்டிலை எங்கள் தோட்டத்தில் தாங்களே செய்யப் போகிறார்களாம். அதை அவள் பரீட்சை பாஸ் பண்ணிய செய்தி மாதிரிச் சொன்னாள். அந்த நேரம் என் தங்கச்சி செல்வி, இரண்டு பிள்ளைகளோடு வவுனியாப் பக்கத்து முகாமில் பிளாஸ்டிக் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தாள். ஒருத்தி ஆசைப்பட்டுக் கொட்டிலுக்குப் போகிறாள், மற்றவள் கொட்டிலை விட்டு வெளியே வர முடியாமல் கிடக்கிறாள்.

செல்வியின் சின்னவனுக்கு முதுகில் ஒரு தழும்பு இருக்கிறது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் பக்கத்துக் கொட்டிலில் விழுந்த ஷெல்லால் இவர்களுடைய தறப்பாளும் பற்றியது. பற்றியதைவிட உருகியதுதான் கொடுமை என்று முகாமிலிருந்து முதல்முறை கதைத்தபோது செல்வி சொன்னாள். மேலிருந்து சொட்டுச் சொட்டாக நெருப்பு விழுந்ததாம். அதைக் கேட்ட பிறகு, கூரை என்ற சொல்லைக் கேட்டாலே நான் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன். அதனால் மகளுக்கு ஒரேயொரு நிபந்தனை போட்டேன்: எரியாத பலகையென்றால் போ, இல்லாவிட்டால் என் பிரேதத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் “ஸ்லாப் அவ், அம்மா” என்றாள். பதறாதேயுங்கோ என்று அர்த்தம். பதறாமல் இருக்க நான் என்ன டெனிஷ்காரியா?

அவளுடைய திட்டம் ஃபிளமிங்கோ. பறவையில்லை, புதுத் தொலைக்காட்சி உடையாமல் அட்டைப்பெட்டிக்குள் வைத்து வருகிற வெள்ளை நுரைப்பலகைக்கு இங்கே அதுதான் பெயர். மலிவு, பஞ்சுபோலப் பாரமில்லை. நான் அவளை இழுத்துக்கொண்டு கட்டடச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே நின்ற மனிதர் நாய்க்கூடா, கோழிக்கூடா என்று கேட்டார். மனிசர் படுக்க என்றேன். நெருப்புப் பிடித்தால் எந்தப் பலகை ஆட்கள்மேல் உருகிச் சொட்டாது, பிள்ளைகள் வெளியே ஓடி வரும்வரை எது தாங்கும் என்று என் உடைந்த டெனிஷில் கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, “யார் கொளுத்தப் போகிறார்கள்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இந்த நாட்டில் அது கேட்கக்கூடிய கேள்வி. நிரோஷா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதரும் எதையோ விளங்கிக்கொண்டார், அல்லது விளங்காமலே இரங்கினார். உள்ளே போய் மூன்று வகைத் துண்டுகளைச் சும்மா கொண்டுவந்து தந்து, வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள், புகையை மட்டும் மூச்சில் எடுக்காதீர்கள் என்றார்.

தோட்டத்தில் சீமெந்துக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினோம். வெள்ளை நுரை சுருண்டு, உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. செல்வி சொன்னதைக் கண்ணால் கண்டேன். நிரோஷா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஃபிளமிங்கோவின் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாவது கல்லை உருக்கி நூற்ற பஞ்சு. அது அசையவேயில்லை, ஆனால் தானாக நிமிர்ந்து நிற்காது, சட்டம் வேண்டும், பாரம், தோலெல்லாம் கடிக்கும். மூன்றாவது இரண்டு பக்கமும் அலுமினியத்தாள் ஒட்டிய மஞ்சள் பலகை. அது கருகியது, புகைந்தது, ஆனால் சொட்டவில்லை. நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்துபோனது. இதுவும் முற்றாக எரியாததில்லை, உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது, வெளியேற இரண்டு வழி வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதையே வேதவாக்காக எடுத்து, கொட்டில் செய்ய வந்த சிநேகிதிகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நானும் சொன்னேன். உள்ளே நெருப்பு இல்லை. மெழுகுதிரிகூட இல்லை. இரண்டு வாசல்.

கொட்டில் எழும்பியது. வெள்ளிப் பெட்டிபோல மினுங்கியது. இரண்டு வாசலாலும் நான் குனிந்து போய்க் குனிந்து வந்தேன். மனம் நிறைந்துவிட்டது. பிள்ளை படுக்கப்போகிற புது இடம் அல்லவா? குசினிக்குப் போய் எவர்சில்வர்ச் சட்டியும் பாலும் சின்னக் காஸ் அடுப்பும் எடுத்துவந்து, உள்ளே நடுவில் வைத்து, அந்தோனியாரை நினைத்துப் பற்றவைத்தேன். புதுமனை என்றால் பால் பொங்கத்தானே வேண்டும்! பால் நுரைத்து எழும்பி நான்கு பக்கமும் வழிந்தது. நான் கும்பிட்ட கையோடு பின்னால் சரிய, கால் பட்டு அடுப்புச் சாய்ந்து, சுவாலை சுவரை நக்கியது. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது என் மண்டையில் ஏறியது.

நிரோஷா ஒரு வாசலால் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்து, மறு வாசலால் என்னை இழுத்துப் போட்டாள். சுவரில் ஒரு சாண் அகலத்துக்குக் கருப்பு. அவ்வளவுதான். சொட்டவில்லை, பரவவில்லை. அவளுடைய சிநேகிதி மெட்டெ, இதுதான் கடைசிப் பரிசோதனையா என்று பயபக்தியோடு கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை செல்வி முகாமில் யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அழைப்பெடுத்தாள். அவளைச் சிரிக்கவைக்கத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தாள், கனகாலத்துக்குப் பிறகு. அந்தச் சிரிப்பின் ருசியில், நாக்கில் சனியன், நீ அங்கே பால் காய்ச்சினாயா என்று கேட்டுவிட்டேன்.

“மாப்பால் தாறவை அக்கா. பிள்ளையளுக்குக் கரைச்சுக் குடுக்கிறன். பொங்க விடேல்லை. பொங்க விட்டா இது வீடாயிடுமல்லோ.”

பிறகு அவளாகவே, நீங்கள் அந்த டென்மார்க் வீட்டுக்குக் காய்ச்சினீர்கள்தானே என்று கேட்டாள்.

நாங்கள் காய்ச்சவில்லை. இந்த வீடு வாங்கியபோது நான் சட்டியை எடுக்க, என் புருசன் தடுத்தார். சண்டை முடியட்டும், ஊருக்குப் போய் மன்னாரில் கட்டுகிற வீட்டில் காய்ச்சுவோம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இப்போது சண்டை முடிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் நான் பொங்கவிட்ட ஒரே பால், மடித்து வானில் ஏற்றுகிற ஒரு கொட்டிலுக்கு.

பிள்ளைகள் புறப்பட்ட காலை, கருகிய பலகை வானின் பின்கண்ணாடியில் தெரிந்தது. தெரு முனை திரும்பும்வரை கையசைத்துவிட்டுக் குசினிக்கு வந்து, அதே சட்டியில் பால் வைத்தேன். இவர் வாசலில் வந்து நின்று சட்டியையும் என்னையும் பார்த்தார். பால் நுரைத்து விளிம்புவரை எழும்பியது. வழியுமுன் என் கை தன்பாட்டில் போய்ச் சட்டியை இறக்கியது.

“தேத்தண்ணியோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.